மெர்க்யூரும் பாதரசமும்: பிரெஞ்சுக் கடிகார விவரிப்பில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிசு நகரப் பட்டறைகளில், கடல் வாணிகத்தைக் கருப்பொருளாகக் கொண்ட பொன்முலாம் பூசிய வெண்கலக் கடிகாரங்கள் செய்யப்பட்டன. சரக்குப் பொதிகள், பீப்பாய், நங்கூரம் ஆகியவற்றினிடையே, சிறகு பொருந்திய தொப்பியும் பாம்புகள் பிணைந்த கோலும் உடைய உரோமானிய வணிகக் கடவுள் மெர்க்யூர் அமர்ந்திருப்பது இவற்றுள் காணப்படும் ஓர் அமைப்பு. இத்தகைய கடிகாரம் ஒன்றன் அருங்காட்சியக விவரிப்பைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயரும் பாலும்

இக்கடிகாரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'பாந்த்யூல்' என்பதாகும். இச்சொல் பெண்பால் சுட்டு ஏற்கும்போது கடிகாரத்தையும், ஆண்பால் சுட்டு ஏற்கும்போது ஊசலையும் குறிக்கும். தமிழில் பால்பாகுபாடு பொருள் பற்றியது. பிரெஞ்சில் அது சொல்லைச் சார்ந்தது. ஆகவே அங்குச் சுட்டு உணர்த்தும் வேறுபாட்டை இங்குத் தனிச்சொல்லே உணர்த்த வேண்டும். இச்சிக்கல் எளிதில் தீர்வது.

3. உலோகம்

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. ஆயின் பொன்முலாம் பூசுவதற்கென வார்த்த கலவையில் துத்தநாகமே மிகுதி. வேதியியலறிஞர் தார்சே 1818இல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் கலவைகள் பித்தளைக்கு நெருங்கியவை. எனினும் 'பித்தளைக் கடிகாரம்' என்பது கலைவரலாற்று வழக்கோடு முரண்படும். 'வெண்கலம்' என எழுதி, கலவையை விளக்கக் குறிப்பில் தருவதே பொருத்தமாகும்.

4. முலாம்

'ஆர்மொலு' என்னும் ஆங்கிலச் சொல், 'அரைத்த பொன்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. பொன்னைப் பாதரசத்தோடு சேர்த்துக் களிம்பாக்கி வார்ப்பின்மேல் பூசி நெருப்பில் காட்டுவர்; பாதரசம் ஆவியாக, பொன் ஒட்டி நிற்கும். அவ்வாவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர் நடுக்கத்திற்கும் அகால மரணத்திற்கும் ஆளாயினர். 1814இல் மறைந்த வெண்கலக் கலைஞர் ரவ்ரியோ, இத்தீங்கைத் தடுக்க வழி காண்பவருக்கு 3000 பிராங்கு பரிசு என உயில் எழுதிவைத்தார். நச்சாவியைப் புகைபோக்கி வழியே மேலிழுக்கும் உலையமைப்பை வகுத்த தார்சே, 1818இல் அப்பரிசைப் பெற்றார்.

அரபு மூலமுடைய 'முலாம்' என்னும் சொல் உருது வழித் தமிழுக்கு வந்தது. இன்று 'பொன்முலாம்' என்றவுடன் மின்முலாமே நினைவிற்கு வருகிறது. எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் காப்புரிமை பெற்ற பின்னரே மின்முலாம் தொழில்முறையில் பரவியது. எனவே அடைமொழியற்ற 'பொன்முலாம்' காலத்தையும் மயக்கும். தொழிலாளர் பட்ட துன்பத்தையும் மறைக்கும்.

5. ஒரு பெயர், பல பொருள்

பிரெஞ்சில் 'மெர்க்யூர்' என்பது கடவுள், கோள், உலோகம் மூன்றையும் குறிக்கும் ஒரே சொல். புதன்கிழமையின் பெயரும் அதனடியாகப் பிறந்ததே. கோளும் கிழமையும் ஒரு பெயர் பெறுவதில் தமிழும் பிரெஞ்சும் ஒத்துச் செல்கின்றன, உலோகத்தில் பிரிந்துவிடுகின்றன. கடிகாரத்தின் மேல் அமர்ந்த கடவுளின் பெயரே அதற்குப் பொன்னொளி தந்த நஞ்சின் பெயருமாகும் என்பதைப் பிரெஞ்சு வாசகர் ஒரு சொல்லிலேயே உணர வாய்ப்புண்டு. தமிழ் வாசகருக்கு மெர்க்யூரும் பாதரசமும் தொடர்பற்ற இரு சொற்கள்.

6. முடிவுரை

இவ்விழப்பை முற்றிலும் ஈடுசெய்ய இயலாது, குறைக்க இயலும். 'பாதரசமுறைப் பொன்முலாம்' என எழுதலாம். 'ரசம் போன கண்ணாடி' என்னும் பேச்சுவழக்கு பாதரசப் பூச்சை இன்றும் நினைவூட்டுவதால், 'ரசப் பொன்முலாம்' என்னும் சுருங்கிய வடிவும் ஏற்கத்தக்கதே. கடவுளை முதன்முறை சுட்டுமிடத்தில் 'பாதரசத்தோடு பெயர் பகிரும் வணிகக் கடவுள்' என ஓர் அடை சேர்க்கலாம். அணிப்பொருளின் அழகை மட்டும் பெயர்க்கும் விவரிப்பு, அதனைச் செய்த கைகளை மறந்துவிடும். பொருத்தமான ஓர் அடைமொழி அம்மறதியைத் தவிர்க்கும் எனலாம்.