மாடும் போச்சு, காலும் போச்சு... இழப்பீடு கிடைக்குமா?

கள்ளக்குறிச்சி பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். சினைக்கு நிற்காத கறவை மாட்டைக் கால்நடை மருத்துவமனையில் காட்டிவிட்டு, சாலை ஓரமாகக் கயிற்றைப் பிடித்து ஓட்டி வந்திருக்கிறார் அவருடைய கணவர். வயது 42. பின்னால் வந்த லாரி இருவரையும் தட்டிவிட்டது. மாடு அங்கேயே செத்துவிட்டது. கணவருக்கு இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு, தகடு வைத்திருக்கிறார்கள். இது நடந்து நான்கு மாதம் ஆகிறது.

ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போன கொழுந்தன், அங்கே எழுதி வைத்திருந்த தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதில் ‘மாடு திடீரெனக் குறுக்கே ஓடியதால்’ என்று இருக்கிறதாம். இப்போது லாரி முதலாளியின் ஆள் 40,000 ரூபாயோடும் ஒரு ஸ்டாம்ப் பேப்பரோடும் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். ‘வாங்கிக்கொள்ளலாமா?’ என்று கேட்கிறார் வாசகி.

வேண்டாம் சகோதரி. ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால், பிறகு அதையே காட்டி வழக்கை இழுத்தடிப்பார்கள். எந்த லாரியாக இருந்தாலும் மூன்றாம் நபருக்கான காப்பீடு கட்டாயம். லாரியின் எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால், காப்பீடு எதுவரை இருக்கிறது என்று தெரியும். உங்களுக்கு வரவேண்டிய பணம் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்துதான் வரும். 40,000-ஐ நீட்டும் முதலாளிக்கும் அது நன்றாகத் தெரியும்.

முதலில் நாளைக் கணக்குப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, 2022 ஏப்ரல் 1-ம் தேதிக்குப் பிறகு நடந்த விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

அடுத்தது அந்த எஃப்.ஐ.ஆர். அதில் எழுதியிருப்பதே முடிந்த தீர்ப்பு அல்ல. தீர்ப்பாயம் உங்கள் கணவரை விசாரிக்கும், பார்த்தவர்களை விசாரிக்கும். கொலை வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்ப்பார்கள். ஆனால், சும்மா விட்டுவிடவும் கூடாது. கயிறு கணவர் கையில்தான் இருந்தது, லாரி பின்னாலிருந்து வந்தது என்பதை எழுதி, அவரே கையெழுத்திட்டு, இன்ஸ்பெக்டருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீது பத்திரம். பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அவர்தான் உங்களுக்கு முக்கியமான சாட்சி.

மாட்டுக்கு வருவோம். சட்டம் மனிதருக்கான காயத்துக்கு மட்டுமல்ல, பொருள் சேதத்துக்கும் இழப்பீடு கேட்க வழி தருகிறது. அதைக் கேட்கவேண்டியவர் பொருளின் சொந்தக்காரர். சொசைட்டி பால் அட்டை உங்கள் பெயரில் இருப்பதால், மனுவில் நீங்களும் மனுதாரராக இருக்க வேண்டும். பல மனுக்களில் இதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்யாமல் அன்றைக்கே மாட்டைப் புதைத்துவிட்டது பெரிய குறைதான். கால்நடை உதவி மருத்துவரின் பரிசோதனைச் சான்று இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். இருந்தாலும், அன்று காலையில்தானே மருத்துவமனைக்கு ஓட்டிப் போனார்? அங்கே பதிவேட்டில் மாடு ஏறியிருக்கும். அதற்கான சான்றைக் கேளுங்கள். விபத்துக்கு முன்பும் பின்பும் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று பால் அட்டை சொல்லும். சந்தையில் வாங்கிய ரசீது, யாராவது செல்போனில் எடுத்த படம், வி.ஏ.ஓ. சான்று, எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

இனி, கால். பெரிய தொகை இதில்தான் இருக்கிறது. ஆண்டு வருமானம், வயதுக்கான பெருக்கல் எண், உழைக்கும் திறன் எத்தனை சதவிகிதம் போனது, இந்த மூன்றையும் பெருக்குவார்கள். 2009-ல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அட்டவணைப்படி 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கல் எண் 14. மாத வருமானம் 12,000 என்று ஏற்றுக்கொண்டு, பாதிப்பு 30 சதவிகிதம் என்றால், 6,04,800 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவு, வலிக்கான தொகை, உடனிருந்து பார்த்துக்கொண்டதற்கான செலவு எல்லாம் இதற்கு மேல் தனி. 40,000 எங்கே, இது எங்கே!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெடிக்கல் போர்டு தரும் சதவிகிதம் உடம்புக்கானது. தொழிலுக்கான பாதிப்பு வேறு. மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்குக் கால் மடங்காவிட்டாலும் சம்பளம் வரும். சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவருக்கு, குத்தவைத்துப் பால் கறக்கிறவருக்கு வருமா? அவரவர் வேலையை வைத்தே பார்க்க வேண்டும் என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, ‘விவசாயம்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், உங்கள் கணவர் காலையிலிருந்து இரவுவரை செய்த ஒவ்வொரு வேலையையும் வக்கீலிடம் சொல்லி மனுவில் எழுத வையுங்கள். இப்போது கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலைகளையும், கொடுக்கும் கூலியையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்கிறீர்கள். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ‘வருவதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு’ என்று எந்த வக்கீலாவது பேசினால், அப்படிப் பேச பார் கவுன்சில் விதியே அனுமதிப்பதில்லை என்பது தெரிந்திருக்கட்டும்.

தர்மபுரி வாசகர் ஒருவர், மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். எஃப்.ஐ.ஆர். கட்டாயம். இதில் மாட்டுக்கு எதுவும் வராது.

டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து போய் விழுந்தவருக்குக் காப்பீடு வருமா என்பது இன்னொருவரின் கேள்வி. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்தவருக்குப் பணம் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். கடைசியில் அந்தத் தொகை டிராக்டர் சொந்தக்காரரின் தலையில் விழலாம். பெரும்பாலும் அவர் நம் பங்காளியாகவோ பக்கத்துக் காட்டுக்காரராகவோதான் இருப்பார்.