நாணயச் சுருள் தேடல்

நாணயச் சுருள் தேடல் என்பது, காகிதத்தில் சுற்றிய சில்லறையை வங்கியில் முகமதிப்புக்கே வாங்கி, அதில் சேகரிக்கத்தக்க நாணயங்களைத் தேடும் பொழுதுபோக்கு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலாக உள்ளது. அங்கு ஓர் அரை டாலர் சுருளில் 20 நாணயங்கள், அதாவது 10 டாலர் இருக்கும்.

1964 வரை ஆண்டு பொறித்த பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90% வெள்ளி உண்டு. 1965ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் முதலிரண்டிலும் வெள்ளியை நீக்கியது. அரை டாலரில் 1970 வரை 40% நீடித்தது. வெள்ளியின் விலை முகமதிப்பைத் தாண்டியதால் மக்கள் பழைய நாணயங்களைப் பதுக்கினர். தப்பியவையே இன்று சுருள்களில் அகப்படுகின்றன.

இவற்றை விளிம்பைப் பார்த்தே அறியலாம். 90% வெள்ளி நாணயத்தின் விளிம்பு முழுதும் வெண்மையாக இருக்கும். வெள்ளி இல்லாதவற்றில் செம்புக் கோடு தெரியும். கிடைத்ததைத் தேய்த்துத் துலக்கினால் சேகரிப்பு மதிப்பு குறைந்துவிடும். மீதிச் சில்லறையைத் திரும்ப வங்கியில் செலுத்தலாம் என்பதால், இதில் பெரும்பாலும் நேரமே செலவு.