ஷெட்டில் பழைய ஃபியூஸ் பாக்ஸா? வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுமா? | விளக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டம் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பல பழைய வீடுகளில் வீடு ஒரு இடம், ஷெட் ஒரு இடம் என்றுதான் இருக்கும். முன்பு அதில் மாட்டுத் தீவனமும் மோட்டார் சாமான்களும் இருந்தன. இப்போது கார், பைக், சில இடங்களில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் நிற்கிறது. ஏத்தர் ஸ்கூட்டர் ஓசூரில், ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியில் தயாராகும் மாவட்டம் இது. ஆனால் ஷெட்டுக்குப் போகும் வயரும், சுவரில் இருக்கும் பீங்கான் ஃபியூஸும் அப்பா காலத்துச் சமாச்சாரம். அதில் என்ன பிரச்னை?

ஃபியூஸ் எதற்காக?

அளவுக்கு மீறி மின்சாரம் போனால் வயர் சூடாகி தீப்பிடிக்கும். அதற்கு முன்பே மெல்லிய கம்பி ஒன்று உருகி அறுந்துவிட வேண்டும். ஃபியூஸின் வேலை அவ்வளவுதான். 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி சுமார் 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியர் கம்பி சுமார் 0.5 மில்லிமீட்டர் தடிமன். இந்த வகை ஃபியூஸ் 15 ஆம்பியரைத் தாண்டியதும் உடனே போய்விடாது. ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தால்தான் உருகும்.

'ஃபியூஸ் போயிடுச்சு' என்றதும் நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? கையில் கிடைத்த வயரை உரித்து, நாலைந்து இழையை முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அடிக்கடி போகாது, நிம்மதி! 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 20 ஆம்பியர் போனாலும் அசையாது. ஃபியூஸுக்குப் பதிலாக, சுவருக்குள் இருக்கும் வயர் உருகும்.

ஷாக் அடித்தால் ஃபியூஸ் போகாதா?

போகாது. பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். உடலுக்குள் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து. 15 ஆம்பியர் என்பது அதைப்போல 500 மடங்கு. ஒருவர் துடித்துக்கொண்டிருந்தாலும் ஃபியூஸுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

சரி, ஷெட் பக்கத்தில் தனியாகக் குழி தோண்டி எர்த் போட்டிருக்கிறோமே என்கிறீர்களா? ஒரு கணக்குப் போடுவோம். அந்தக் குழியின் மின்தடை 20 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் இதைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். கம்ப்ரஸரின் இரும்பு உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய தளியின் பனியும் ஈரமும் சுற்றுலாப் பயணிக்கு ரசனை. பழைய வயருக்கு எதிரி.

லைட் எரியலை, ஆனா கரன்ட் இருக்கு!

பழைய இரும்பு மெயின் ஸ்விட்சுகளில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்குமே தனித்தனி ஃபியூஸ் இருக்கும். நியூட்ரலில் இருக்கும் ஃபியூஸ் மட்டும் போனால் பல்பு அணைந்துவிடும். கரன்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைப்பீர்கள். ஆனால் ஃபேஸ் அங்கேயே இருக்கும். நியூட்ரலில் இப்படித் தனியாக ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. பெட்டிகள் மட்டும் இன்னும் சுவரில் இருக்கின்றன. நியூட்ரலில் ஃபியூஸ் இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை நேரடி இணைப்பாக மாற்றச் சொல்லுங்கள்.

வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மரக்கட்டை மேல் கிளிப் அடித்து ஓடும் ரப்பர் வயர் இருந்தால், யோசிக்காமல் மொத்தமாக மாற்றுங்கள். ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிரும். அலுமினிய வயர் என்றால் ஜாயின்ட்டுகள் நாளடைவில் தளரும், சூடாகும். 750 வாட் ஸ்கூட்டர் சார்ஜர் 3 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். ஆனால் ராத்திரி நாலைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த ஜாயின்ட் கருகுவதற்கு அது போதும்.

மூன்று ஓட்டை ப்ளக் பாயின்ட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு இரண்டு வயர் மட்டும் வந்திருந்தால், அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. சிலர் நியூட்ரலையே அதில் லூப் அடித்திருப்பார்கள். இது இன்னும் மோசம். வழியில் நியூட்ரல் அறுந்தால் மெஷின் உடம்பு முழுக்க கரன்ட்.

வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே வயரைத் தாங்க இரும்புக் கம்பி கட்டியிருந்தால், அதில் துணி காயப்போடவே கூடாது. வயர் உரசி உரிந்திருந்தால் ஈரத் துணி வழியாக ஷாக் அடிக்கும்.

தீர்வு என்ன?

ஷெட் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லையென்றால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஓவர்லோடை அது பார்க்காது. அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும். மூன்றாவது வயராக எர்த்தும் வீட்டிலிருந்து வர வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மாட்டிய பிறகு அடிக்கடி விழுந்தால், 'ஆர்.சி.சி.பி. சரியில்லை' என்று கழற்றி வீசிவிடாதீர்கள். பழைய வயரில் எங்கோ கசிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

மின்வாரியம் சீல் வைத்த மீட்டர், மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ் ஆகியவற்றில் நீங்களோ உங்கள் எலெக்ட்ரீஷியனோ கை வைக்கக் கூடாது. அங்கே கோளாறு என்றால் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைக்கலாம். மீட்டருக்குப் பின்னால் உள்ள வேலைக்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.