கல்லூரி மாணவரைப் பயிற்சிக்கு எடுங்கள்: கடைக்கும் லாபம், பிள்ளைக்கும் லாபம்

ஜவுளிக்கடை, மளிகைக்கடை, காலணிப் பட்டறை என்று சிறு தொழில் நடத்தும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வியாபாரம் நடக்கிறது. ஆனால் சரக்குக் கணக்கு ஒரு நோட்டில், கடன் பாக்கி இன்னொரு நோட்டில், மீதி முதலாளியின் நினைவில். இதைச் சீர்செய்ய முழுநேர ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. அதே தெருவில் பி.காம் படிக்கும் பிள்ளையோ, இன்டர்ன்ஷிப் செய்ய இடம் தேடி அலைகிறது. கிடைக்காதபோது பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவோரும் உண்டு. அதனால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை.

இந்த இரு தேவைகளையும் நாம் இணைக்கலாம்.

என்ன வேலை கொடுப்பது?

'வந்து கடையைப் பார்த்துக்கொள்' என்றால் மாணவர் டீ வாங்கப் போவதோடு பயிற்சி முடிந்துவிடும். ஆறு வாரத்தில் முடியக்கூடிய ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். சரக்கு முழுவதையும் எண்ணி எக்செல்லில் ஏற்றுவது, யார் எத்தனை நாளாகப் பாக்கி என்று பட்டியல் எடுப்பது, வாட்ஸ்அப் பிசினஸில் பொருட்களைப் படத்தோடும் விலையோடும் சேர்ப்பது, கூகுள் மேப்பில் கடையைப் பதிவது என்று ஏதாவது ஒன்று. தினமும் பத்து நிமிடம் வேலையைப் பார்த்துத் திருத்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வங்கி, ஜிஎஸ்டி கடவுச்சொற்களை மட்டும் கொடுக்காதீர்கள்.

சம்பளம் உண்டா?

போக்குவரத்துச் செலவும் ஓர் உதவித்தொகையும் கொடுப்பதே முறை. தொகையை முதல் நாளே பேசி, எழுதி வைத்துவிடுங்கள். 'சின்னப் பிள்ளைதானே' என்று உழைப்பை இலவசமாக வாங்குவது நியாயமல்ல.

படிப்பு முடித்தவரை நீண்ட காலப் பயிற்சிக்கு எடுக்க விரும்பினால், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி வழி இருக்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 4 முதல் 29 பேர் உள்ள இடங்கள் விரும்பினால் சேரலாம். 2019-இல் திருத்திய விதிகள், குறைந்தபட்ச மாத உதவித்தொகையைப் பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என நிர்ணயித்தன. மத்திய அரசின் 'நாட்ஸ்' திட்டத்தில் பதிந்தால், குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. இன்றைய தொகையையும் நடைமுறையையும் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தில் கேட்டு அறியலாம்.

எங்கே கேட்பது?

அருகிலுள்ள கல்லூரியின் துறைத் தலைவரை நேரில் பாருங்கள். திருச்சி ஜமால் முகமது, சென்னை புதுக்கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா என்று நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் பல. வேலை, நாட்கள், நேரம், உதவித்தொகை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

மாணவிகளை மறந்துவிடாதீர்கள். வெளியூர் அனுப்பப் பெற்றோர் தயங்குவதால் வாய்ப்பை இழப்பவர்கள் அவர்கள். உள்ளூரிலேயே, தெரிந்த குடும்பத்தின் கடையில், பகல் நேரத்தில் வேலை என்றால் அந்தத் தயக்கம் குறையும். கணக்கு வேலையை வீட்டிலிருந்தும் செய்யலாம்.

முடிவில் அவர் செய்த வேலையை உள்ளபடி எழுதிச் சான்றிதழ் கொடுங்கள். 'இந்தக் கடையின் சரக்குக் கணக்கை நான் அமைத்தேன்' என்று அடுத்த நேர்முகத்தேர்வில் அந்தப் பிள்ளை சொல்ல முடியும். உங்கள் கடையில் அந்தக் கணக்கு நிலைத்திருக்கும்.