தறி வேலைக்கேற்ற புரதக் கட்டுச்சோறு

கட்டுச்சோறு என்பது வேலைக்கோ பயணத்துக்கோ வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும் உணவு. கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்திலுள்ள சோமனூர், விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு தறி ஓட்டுவோர் பலர் தூக்குப்போசியில் கொண்டுவரும் சாப்பாட்டை நம்பியே வேலை நேரம் முழுவதையும் கழிக்கின்றனர். அதில் சோறு மிகுந்து பருப்பும் பயறும் குறைந்திருந்தால் வயிறு நிறையும். ஆனால் போதிய புரதம் கிடைக்காது. கொங்கு நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றைக் கொண்டே இந்தக் குறையைச் சரிசெய்யலாம்.

வேலைச் சூழல்

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம், அவிநாசி, மங்கலம் ஆகிய பகுதிகளில் கூலி நெசவு பரவலாக நடைபெறுகிறது. ஜவுளி உற்பத்தியாளர்கள் பாவும் நூலும் கொடுக்கின்றனர். தறி உரிமையாளர்கள் அதைக் காடா துணியாக நெய்து கொடுத்துக் கூலி பெறுகின்றனர். தறிகள் பெரும்பாலும் 12 மணி நேர ஷிப்டுகளில் ஓடுகின்றன. ஒருவரே பல தறிகளைக் கவனிக்கிறார். நாடாவில் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். தறி நின்றால் துணி குறையும், துணி குறைந்தால் கூலி குறையும். ஆகவே நிதானமாக உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைப்பது கடினம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் இருக்க வேண்டும் என்று வகுத்தது. சில தறிகளை மட்டுமே கொண்ட சிறு கூடங்கள் அந்த எல்லைக்குள் வருவதில்லை. எனவே வீட்டுச் சாப்பாடும் பக்கத்து டீக்கடையும்தான் இங்குள்ள வழிகள். ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் தரும் புரதம் ஏறக்குறைய 3 கிராம்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் தேவை?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். தானியத்தையே பெரிதும் நம்பியிருப்பவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

அளவைப் போலவே சேர்க்கையும் முக்கியம். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பிலும் பயறிலும் அது மிகுதி. பயறுகளில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியங்களில் உள்ளது. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

சோற்றை அடியோடு விட்டுவிடுவதும் தவறு. உழைப்புக்குத் தேவையான ஆற்றல் மாவுச்சத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் கிடைக்காவிட்டால், உடல் புரதத்தை எரித்து ஆற்றலாக்கிவிடும். தசைகளைப் பேணவும் நோயை எதிர்க்கவும் வேண்டிய புரதம் அப்போது வீணாகிறது.

கொங்கு நாட்டுப் புரத உணவுகள்

மழை குறைந்த கொங்கு நாட்டின் மேட்டாங்காடுகளில் சோளம், கம்பு, கொள்ளு, நிலக்கடலை ஆகியவை மானாவாரியாக விளைந்தன. சோளக்காட்டில் தட்டைப்பயறும் அவரையும் ஊடுபயிராயின. இதனால் தானியமும் பயறும் ஒரே காட்டிலிருந்து ஒரே அடுப்புக்கு வந்தன. காட்டு வேலையிலிருந்து தறி வேலைக்கு மாறிய குடும்பங்களில் அரிசி மிகுந்தது. பயறுகள் குழம்பிலும் பொரியலிலும் சிறு பங்காகச் சுருங்கின.

100 கிராம் உலர்ந்த பொருளில் உள்ள புரதம், ஏறக்குறைய:

- நிலக்கடலை: 24 கிராம்
- பச்சைப்பயறு: 22 கிராம்
- கொள்ளு: 22 கிராம்
- துவரம்பருப்பு: 22 கிராம்
- பொட்டுக்கடலை: 22 கிராம்
- தட்டைப்பயறு: 21 கிராம்
- கொண்டைக்கடலை: 19 கிராம்
- கம்பு: 11 கிராம்
- அரிசி: 8 கிராம்
- ராகி: 7 கிராம்

ஒரு கோழிமுட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் தயிரில் 3 கிராம் புரதம் உள்ளது. முட்டை உற்பத்திக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும் கொங்கு நாட்டில்தான் உள்ளது.

தறிக்கூடத்துக்கு ஏற்ற உணவுகள்

அரிசிம்பருப்புச் சாதம்: அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைக்கும் இந்தச் சோறு ஒரே பாத்திரத்தில் அடங்கும், தனிக் குழம்பு வேண்டியதில்லை. 100 கிராம் அரிசிக்கு 35 கிராம் பருப்புச் சேர்த்தால் ஏறக்குறைய 15 கிராம் புரதம் கிடைக்கும்.

பச்சைப்பயறு அடை: ஊறவைத்த பயறையும் அரிசியையும் சம அளவில் அரைத்துச் சுடுவது. நின்றபடியே கையில் சுருட்டிச் சாப்பிடலாம். பயறு 40 கிராம், அரிசி 40 கிராம் கொண்ட அடைகளில் 12 கிராம் புரதம் உண்டு.

கொள்ளு: கடைந்த கொள்ளுப்பருப்பு, துவையல், பொடி, சுண்டல் எனப் பல வகையில் பயன்படுகிறது. வறுத்து அரைத்த கொள்ளுப்பொடி பல நாள் கெடாது. கொள்ளு சூடு என்று கருதி வெயில் காலத்தில் தவிர்ப்பவர்கள் அதற்கு ஈடாகப் பச்சைப்பயறைக் கொள்ளலாம்.

நிலக்கடலை: வேகவைத்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் எடுத்துக்கொண்டால் 7 கிராம் புரதம். கடலை மிட்டாயும் நல்லதே. அதில் வெல்லம் சேர்வதால் நீரிழிவு உள்ளவர்கள் வெறும் கடலையை உண்பது நல்லது.

பொட்டுக்கடலை மாவு: வறுத்த கடலையை மாவாக்கித் தண்ணீர், உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்து குடிப்பது பீகாரில் பரவலான வழக்கம்; அங்கு அம்மாவைச் சத்து என்பர். வெளிமாநிலத் தொழிலாளர்கள் மிகுந்த கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கும் இது பொருந்தும். 40 கிராம் மாவில் ஏறக்குறைய 9 கிராம் புரதம் கிடைக்கும், அடுப்பும் தேவையில்லை.

ஒரு நாள் கணக்கு

- காலை: பச்சைப்பயறு அடை – 12 கிராம்
- முற்பகல் 11 மணி: வேகவைத்த முட்டை ஒன்று – 6 கிராம்
- மதியம்: அரிசிம்பருப்புச் சாதம், 100 கிராம் தயிர் – 18 கிராம்
- மாலை: நிலக்கடலை ஒரு கைப்பிடி – 7 கிராம்
- இரவு, வீட்டில்: 75 கிராம் அரிசிச் சோறு, 30 கிராம் கொள்ளில் கடைந்த பருப்பு – 12 கிராம்

மொத்தம் 55 கிராம். முட்டை உண்ணாதவர்கள் அதற்குப் பதிலாக 30 கிராம் பொட்டுக்கடலை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்துக்கொள்ளலாம். இரவு ஷிப்டு பார்ப்பவர்கள் இதே உணவுகளை நேரம் மாற்றி உண்ணலாம்.

செலவு

தமிழ்நாட்டின் சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தில் குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குத் தரப்படுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் இதை 30 நாளுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு, அதாவது 2 கிராமுக்கும் குறைவான புரதமே வரும். நால்வருக்கும் நாள்தோறும் 35 கிராம் வீதம் சமைத்தால் அந்த ஒரு கிலோ ஏழு நாளில் தீர்ந்துவிடும். எனவே ரேஷன் பருப்போடு நிற்காமல் கொள்ளு, தட்டைப்பயறு, கடலை ஆகியவற்றையும் மாற்றி மாற்றி வாங்குவது அவசியம். விலை உயர்ந்த புரதப் பவுடர்கள் தேவையில்லை. பொதுமக்கள் அவற்றைத் தவிர்க்கும்படி தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியும் அறிவுறுத்துகிறது.

கெடாமல் வைத்தல்

- சமைத்த சோற்றை வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கலாம். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு நீங்காது.
- சோற்றைச் சூடு தாங்கும் பாத்திரத்தில் ஆவி பறக்க அடைப்பது நல்லது. சாதாரணப் போசியில் எடுத்துச் சென்றால் சில மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும்.
- தேங்காய்ச் சட்னி விரைவில் கெடும். அதற்குப் பதிலாகப் பொடியை எடுத்துச் செல்லலாம்.
- தோல் உரிக்காத வேகவைத்த முட்டையையும் வெயில் காலத்தில் முற்பகலிலேயே உண்பது நல்லது.
- பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, கசக்கும் கடலையை எறிந்துவிட வேண்டும். அதில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கலாம்.
- தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி பறக்கும். ஆகவே பாத்திரத்தை மூடியே வைத்து, எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின் உண்ண வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பயறு உண்டால் வாயுத்தொல்லை ஏற்படுவோர், இரவு முழுதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவைத்து உண்டால் தொல்லை குறையும். முதலில் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.