மது அருந்தி வாகனம் ஓட்டிக் கைதானால்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

வார இறுதி இரவுகளில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் முக்கியச் சாலைகளில் போக்குவரத்துக் காவலர்கள் மூச்சுப் பரிசோதனை செய்வதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அச்சோதனையில் மகனோ கணவரோ பிடிபட்டார் என்ற செய்தி வரும்போது, குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர்: அபராதம் எவ்வளவு? வண்டி எப்போது கிடைக்கும்? இவை தேவையான கேள்விகளே. மருத்துவ நோக்கில் மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு: அவருடைய உடல்நிலைக்கு இப்போது என்ன தேவை? அபராதத்தோடு வழக்கு முடியலாம். உடலின் சிக்கல் அத்துடன் முடிவதில்லை.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றமாகும். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றித் தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்பவும் காவலருக்கு அதிகாரம் உண்டு. அந்த அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பதிலளிக்கத் தவறாதீர்கள்.

இது பிணையில் விடத்தக்க குற்றம். ஆகவே, விபத்து ஏதும் நேராத நிலையில் பிணை என்பது சலுகையன்று, உரிமை.

முதல் சில மணி நேரம்

கைது செய்யப்பட்டவர் அதற்கான காரணத்தை அறியவும், உறவினர் ஒருவருக்குத் தகவல் தெரிவிக்கப்படவும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் உரிமையுடையவர். இக்குற்றத்துக்காகக் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் அவரை விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு கூறுகிறது. தக்க காரணமின்றிப் பரிசோதனைக்கு மறுத்தால், அந்த மறுப்பே அவருக்கு எதிரான சான்றுக்கு வலுச் சேர்க்கக்கூடும். காவலரோடு வாக்குவாதம் செய்வதால் பயனில்லை. காவலில் இருப்பவர் இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் கேட்டறியலாம்.

வண்டியை எடுத்துவர மது அருந்தாத, உரிமம் உள்ள ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். விடுவிக்கப்பட்டவரிடமே சாவியைக் கொடுக்காதீர்கள்.

போதை போலத் தோன்றும் நோய்கள்

தள்ளாட்டமும் குழறிய பேச்சும் போதையால் மட்டும் வருவன அல்ல. நீரிழிவு நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும் இவ்வாறே காணப்படும். மது அச்சர்க்கரையை மேலும் தாழ்த்தக்கூடியது. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரையும், பக்கவாதம் தாக்கியவரையும் ‘குடித்துவிட்டு உறங்குகிறார்’ என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு.

எனவே காவலரிடமும் மருத்துவரிடமும் இவற்றை முதலிலேயே கூறுங்கள்: நீரிழிவு, வலிப்பு, இதய நோய், கல்லீரல் நோய் ஆகியவற்றில் எது உள்ளது, இன்சுலின் அல்லது வேறு எந்த மருந்துகளை எடுத்துக்கொள்கிறார், கீழே விழுந்தாரா, நாள்தோறும் மது அருந்துபவரா. மருந்துச் சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். தொடர் வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

திடீரென நிறுத்துவதன் ஆபத்து

நீண்ட காலமாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் கைதான அதிர்ச்சியில், “இனித் தொடமாட்டேன்” என்று ஒரேயடியாக நிறுத்திவிடுவதுண்டு. நோக்கம் நல்லது, ஆயினும் மருத்துவ மேற்பார்வையின்றி நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். 2 முதல் 4 நாள்களில் சிலருக்குக் கடுமையான மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும் காய்ச்சலும் ஏற்படும். இது அவசர நிலை. ‘பேய் பிடித்துவிட்டது’ என்றோ ‘நடிக்கிறார்’ என்றோ எண்ணி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உரிய மருந்தும் தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் காலத்தே கிடைத்தால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர்.

மறுநாள் காலையும் கவனம்

கல்லீரல் ஆல்கஹாலை மெல்லவே வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அதன் அளவு மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் என்ற வீதத்தில் குறைகிறது. நள்ளிரவில் 150 மில்லி கிராம் இருந்தவர் 30 என்ற அளவுக்கு இறங்க ஏறத்தாழ 8 மணி நேரமாகும். காலை 7 மணிக்குப் பிள்ளையைப் பள்ளியில் விடச் செல்லும்போதும் அவர் சட்ட வரம்புக்கு மேல் இருக்கக்கூடும். மோரோ எலுமிச்சைச் சாறோ குளிர்ந்த நீர்க் குளியலோ காபியோ இதனை விரைவுபடுத்தா.

விபத்து நேர்ந்திருந்தால்

2016 செப்டம்பரில் கதீட்ரல் சாலை வழியே வேகமாக வந்த சொகுசுக் கார் ஒன்று, சாலையோரம் நின்றிருந்த ஆட்டோக்களின் மேல் மோதியதில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். காரை ஓட்டியவர் மது அருந்தியிருந்ததாகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. இத்தகைய நிகழ்வுகளில் அபராதத்தோடு எதுவும் முடிவதில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் கருதப்பட்டால் தண்டனை மேலும் கடுமையாகும். இந்நிலையில் வழக்கறிஞரின் துணை இன்றியமையாதது.

காயமுற்று உள்நோயாளியாக இருப்பவரிடம் இரத்த மாதிரி எடுக்கக் காவல்துறை கோரலாம். ஆனால் அதனை முதலில் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சைக்கு ஊறு விளையும் என அவர் கருதினால் ஆட்சேபிக்கலாம். எவ்வளவு குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மயக்க மருந்தின் அளவும் வலி மருந்தின் தேர்வும் அதைப் பொறுத்தவை.

அபராதம் கட்டிய பிறகு

ஒருமுறை கைதான அனைவரும் குடிநோயாளிகள் அல்லர். ஆயினும் காலையில் குடிக்கத் தோன்றுகிறதா, அளவு கூடிக்கொண்டே போகிறதா, குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா, வேலையோ குடும்பமோ பாதிக்கப்பட்டும் நிறுத்த முடியவில்லையா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்பது விடையானால் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவமானமும் அச்சமும் புதிதாக இருக்கும் அந்நாள்களில்தான் சிகிச்சைக்கு இசைவு எளிதில் கிடைக்கும். ஒரு மாதம் சென்றால் அந்த இசைவு குறைந்துவிடும்.

மது சார்ந்த மனநலக் குறைபாடுகளை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாகவே ஏற்கிறது. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கவும் வலியுறுத்துகிறது. அடையாறை அடுத்த இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை குடிநோய்ச் சிகிச்சைக்கென்றே இயங்குகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தையும் அணுகலாம். தொலைபேசி வழி ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446.

வீட்டில் வசைபாடுவதும், எதுவும் நடவாதது போல இருந்துவிடுவதும் ஒரே விளைவையே தரும்: அவர் மீண்டும் குடித்துவிட்டு வண்டி எடுப்பார். அமைதியாக ஒரு நாள் குறித்து, மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். நீதிமன்றத் தேதியைக் குறித்து வைக்கும் நாட்காட்டியில் மருத்துவரைக் காணும் தேதியையும் குறித்து வையுங்கள்.