மைதானத்தை விட்டு வெளியேறியதன் விலை நான்கு கோடி

செட்டியார் தெருவில் நகைக்கடைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது ஏன் என்று எந்த வியாபாரிக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பக்கத்துக் கடையும் இருப்பதால்தான் தெருவுக்கே ஆள் வருகிறது. கிருலப்பனை சந்தையில் மரக்கறி விற்பவருக்கும் இது தெரியும். ஆனால் கோபம் வந்தால் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

இந்தியாவின் ஐ.எஸ்.எல். உதைபந்தாட்டத்தில் பெங்களூருக்கும் கொச்சிக்கும் உள்ள போட்டியும் அப்படிப்பட்டதுதான். பெங்களூர் எப்.சி. கழகம் 2013 இல் ஆரம்பமானது. கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் அதற்கு அடுத்த வருடம் வந்தது. தொழிலுக்கும் படிப்புக்கும் பெங்களூரில் குடியிருக்கும் மலையாளிகள் ஏராளம். ஆகவே எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் இரு பக்கத்துக்கும் சத்தம் போட ஆள் உண்டு.

2023 மார்ச் 3 அன்று பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் தோற்றவர் வெளியேறும் ஆட்டம். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. மேலதிக நேரத்தில், 97 ஆவது நிமிடம், பெங்களூருக்கு பிறீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை உள்ளே தட்டிவிட்டார். மத்தியஸ்தர் கோல் என்றார். கேரளப் பயிற்றுநர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்தை விட்டே அழைத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் மீதி இருந்தது. ஒரு கோலைத் திருப்பி அடிக்க அது போதாதா?

வெற்றி பெங்களூருக்குப் போனது. ஆட்டத்தை மீண்டும் நடத்தும்படி கேரளா கொடுத்த முறைப்பாடும் தள்ளுபடியானது. மாத முடிவில் தண்டம் வந்தது: கழகத்துக்கு இந்திய ரூபா 4 கோடி, அதாவது அன்றைய மாற்று விகிதத்தில் நமது பணத்தில் சுமார் 16 கோடி. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்காவிட்டால் 6 கோடி என்றார்கள். ஒரு மன்னிப்புக் கடிதத்தின் பெறுமதி இரண்டு கோடி! கழகம் உடனே கடிதத்தை வெளியிட்டது. பயிற்றுநருக்கு 10 ஆட்டங்களுக்குத் தடையும் 5 இலட்சம் தண்டமும் கிடைத்தன. பின்னர் செய்த மேன்முறையீடும் பலிக்கவில்லை.

கணக்குத் தெரிந்தவர்கள் ஏற்பாட்டாளர்கள்தான். அந்தச் சண்டையையே சரக்காக்கி, 2023 செப்டெம்பர் 21 இல் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டமாக இதே இரு கழகங்களையும் கொச்சியில் மோதவிட்டார்கள். மைதானம் நிறைந்தது. கேரளா 2-1 என்று வென்றது. தடை முடியாததால் பயிற்றுநர் அணியோடு நிற்க முடியவில்லை.

இரு எதிரிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பது 2025 இல் தெரிய வந்தது. அந்த லீக்கை நடத்தும் உரிமை, இந்திய உதைபந்தாட்ட சம்மேளனம் 2010 இல் 700 கோடிக்கு எழுதிக்கொடுத்த 15 வருட ஒப்பந்தத்தில் தங்கியிருந்தது. அது டிசம்பரில் முடிவதாயிருந்தது. புதுப்பிக்கும் பேச்சு முடிவாகாததால் ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. பதினைந்து வருடம் முன்பே தெரிந்த திகதி அது! ஓகஸ்டில் பெங்களூர் கழகம் முதல் அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. அந்த வருடம் முடியும்வரை பெங்களூரும் இல்லை, கொச்சியும் இல்லை. லீக்கின் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை.